மூச்சுக்கு மூன்று பந்து

சாயல்குடியிலிருந்து கடற்கரைக்குப் போகிற பேருந்தில் இப்போது யாரும் ஊர்ப் பெயர் சொல்லிச் சீட்டு வாங்குவதில்லை. "மூச்சுச்சாமிக்கு ரெண்டு" என்கிறார்கள். நடத்துநரும் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். அந்த நிறுத்தத்துக்கு ஏற்கெனவே உப்பளத்து வளைவு என்று ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே உப்பு விளைகிறது. உப்புக்காக ஒரு ஃப்ளெக்ஸ்கூட யாரும் வைத்ததில்லை. சாமி வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வளைவே தெரியாத அளவுக்கு ஃப்ளெக்ஸ்.

ஃப்ளெக்ஸில் ஸ்ரீலஸ்ரீ பிராணவாயு சித்தர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இமயமலை. அச்சடித்தவன் அவசரத்தில் இரண்டு பனைமரங்களை அழிக்க மறந்துவிட்டதால், இமயமலையில் பனை இருப்பது எங்கள் பக்கத்து மக்களுக்குத் தெரியவந்தது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்து: "ஊதிப் பார்! உன் தோஷம் தெரியும்!"

கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். இருமுகிறவர்கள், இளைக்கிறவர்கள், இருமிக்கொண்டே பீடி பிடிக்கிறவர்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் மூச்சுத்தான் காரணம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். தன் ஆடு இருமுகிறது என்று ஆட்டையே தோளில் போட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். ஆட்டால் ஊத முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வரிசையில் ஏமாறாமல் ஊர் திரும்பியது அந்த ஆடு ஒன்றுதான்.

என் தாய்மாமா மூக்கையா ஆடு இல்லை. ஆகவே அவரை உள்ளே விட்டார்கள்.

மாமாவுக்குக் கரிமூட்டம்தான் தொழில். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவது. இருபது வருடமாக அந்தப் புகைக்குள் நிற்கிறார். இருமல் வந்தது. புகையால் வந்தது என்று ஒரு டாக்டர் சொன்னார். மாமா நம்பவில்லை. "புகை எங்க அய்யா காலத்துலயும் இருந்துச்சு" என்றார். அவருடைய அய்யாவும் இருமியே செத்தார் என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். "அது வேற இருமல்" என்று சொல்லிவிட்டார்.

பிராணவாயு சித்தர் வேறு காரணம் சொன்னார். வெட்டின மரத்தில் குடியிருந்த முனி, மாமாவின் நெஞ்சில் குடியேறிவிட்டதாம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள் என்று அரசாங்கமே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மாநிலம் முழுக்க எத்தனை முனிகள் வீடில்லாமல் அலைகின்றனவோ! அதைப் பற்றிச் சாமியிடம் யாரும் கேட்கவில்லை.

சாமியின் சோதனையை நான் முதல் தடவையே நன்றாகப் பார்த்தேன். ஒரு பித்தளைக் கூண்டு. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே பக்கத்துப் பக்கத்தில் மூன்று குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னப் பந்து. வெள்ளை பிரம்மா, நீலம் விஷ்ணு, சிவப்பு சிவன். கூண்டிலிருந்து ஒரு வளைந்த குழாய் வெளியே வருகிறது. அதன் முனையில் வெள்ளைச் சங்கு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள்.

இந்தக் கடற்கரையில் ஒருவன் கையில் சங்கைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஊதுவான். கோவிலில் ஊதுவது சங்கு, சாவில் ஊதுவது சங்கு. அதிலும் எங்கள் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊதினார். பச்சை விறகையே ஊதிப் பற்றவைக்கிற மனுஷன். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்தது. பந்து மூன்றும் மதியச் சாப்பாடு முடிந்த வாத்தியார்கள்போல இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"பாத்தியா? மும்மூர்த்தியும் உன்னயக் கைவிட்டுட்டாக" என்றார் சாமி.

மாமா அங்கேயே உடைந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு காணிக்கை வைத்தார். சாமி அவர் நெஞ்சில் விபூதி பூசி, முனியை இறங்கச் சொல்லி அதட்டி, மயிலிறகால் முதுகில் தட்டி, மறுபடியும் சங்கை நீட்டினார்.

"இப்ப ஊதாதே. அருள் உள்ள போகணும். பச்சப்புள்ள சங்குல பால் குடிக்குமில்ல, அந்த மாதிரி இழு."

மாமா இழுத்தார். வெள்ளைப் பந்து சடாரென்று மேலே போய் முட்டியது. நீலப் பந்தும் போனது. சிவப்பு பாதிவரை ஏறி ஆடியது. கூட்டம் "அரோகரா" என்றது. மாமா அழுதார். பேருந்து ஏறுவதற்குள் மூன்று தடவை இருமினார். முனி இறங்கிப் போகிற சத்தம் அது என்று அவரே எனக்கு விளக்கமும் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

யுவராணிக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். பையில் நோட்டு இல்லாமல் கல்லூரிக்கு வருவாள், பம்பு இல்லாமல் வரமாட்டாள். மாத்திரையைவிடக் குறைந்த மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்புகிற அந்தப் பம்பை வாயில் வைத்து இரண்டு அழுத்து அழுத்தினால், பத்து நிமிடத்தில் எழுந்து என்னோடு சண்டை போடுவாள். அந்தப் பம்புதான் மாமாவுக்கு ஆகாது. "பம்புக்குப் பழகிட்டா விடவே முடியாது, பொம்பளப்புள்ள வாழப்போற எடத்துல என்ன சொல்லுவாக" என்பார். சோற்றுக்கும்தான் பழகிவிட்டோம். அதை விடச் சொல்லி யாரும் அதட்டுவதில்லை.

கொட்டகை வாசலில் மைக்கோடு நின்றவன் பெயர் வேல்ராஜ். சாமியின் முதன்மைச் சீடன்.

"செருப்பு எடது பக்கம்! பம்பு வலது பக்கம்! பம்போட உள்ள வந்தா அருள் எறங்காது! சாமிகிட்ட நம்பிக்க வச்சவுக பம்ப உண்டியல்ல போடுங்க!"

வலது பக்கம் நிஜமாகவே ஒரு உண்டியல். எவர்சில்வர். பெரிய பூட்டு. உள்ளே நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாகப் பம்புகள் துவாரம்வரை நிறைந்து கிடந்தன. ஒரு மருந்துக்கடையில்கூட இவ்வளவு இருப்பு கிடையாது.

"அய்யா, நான் போடமாட்டேன்" என்றாள் யுவராணி.

"எல்லாரும் பாக்குறாகத்தா."

"பாக்கட்டும்."

மாமா அவள் கையிலிருந்து பிடுங்கி உண்டியலுக்குள் போட்டார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்திலிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கொட்டகைக்குள் நாலு மூலையிலும் சாம்பிராணி. மூச்சுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் மூச்சுவிட முடியாத புகை. எனக்கே கண் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் யுவராணியின் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"புள்ள, வெளிய போயிருவோமா? சாயல்குடில கடை தொறந்திருக்கும். புதுசு வாங்கிக்கிருவோம்."

"வேணாம் மச்சான்." மூச்சுக்கு நடுவே பேசினாள். "நான் ஒளிச்சு வச்சுப் பம்பு அடிப்பேன். நல்லாருப்பேன். பேரு சாமிக்குப் போகும். அய்யா ஊரு பூரா கூட்டியாருவாரு."

"அதுக்காக இங்கனயே கிடந்து சாவியா?"

"கொஞ்சம் பொறு. அந்தாளு என்ன செய்யுறான்னு பாரு. ஊதச் சொல்றான். பந்து ஏறல. காசு வாங்குறான். அப்புறம் என்ன சொல்றான்?"

"அருள இழுக்கச் சொல்றான்."

"அதான். முன்னாடி ஊதச் சொன்னவன் பின்னாடி எதுக்கு இழுக்கச் சொல்றான்?"

மூன்று வருடமாகக் கல்லூரியில் அறிவியல் படிக்கிறேன். இரண்டு தடவை அந்த வித்தையைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவள் படிப்பது பி.காம்.

எங்கள் முறை வந்தது. சாமி சங்கை நீட்டினார். யுவராணி வாங்கவில்லை.

"சாமி, நீங்க ஒரு தடவ ஊதிக் காட்டுங்க. அதப் பாத்து நான் ஊதுறேன்."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். வேல்ராஜ் மைக்கைக் கடித்துவிடுவதுபோல வந்தான்.

"ஏத்தா, யாருகிட்ட வந்து என்ன பேசுற? சாமியவே சோதிக்கிறியா?"

"சோதிக்கல. சாமி மூச்சு எப்படி இருக்குமின்னு தரிசனம் கேக்குறேன்."

தரிசனம் என்றதும் கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த முருகலட்சுமி என்கிற அம்மாள் எழுந்தே நின்றார். "ஆமா சாமி! நாங்களும் பாக்கலயே! ஒரே ஒரு தடவ!"

"சாமி ஊதுனா மூணு பந்தும் கூரையப் பிச்சுக்கிட்டுல போகும்!" என்றார் இன்னொருவர்.

சாமி கையமர்த்தினார். "என் மூச்சு பிரபஞ்ச மூச்சு. நான் இங்க ஊதுனா பாம்பன் பாலம் தாங்காது."

"அப்ப மெதுவா ஊதுங்க சாமி!"

பக்தியைவிடப் பெரிய போலீஸ் உலகத்தில் கிடையாது. சாமியைச் சுற்றி நாலு பக்கமும் பக்தர்கள். தப்பிக்க வழியில்லை. சங்கை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. ஊதினார்.

பிரம்மா அசையவில்லை. விஷ்ணு அசையவில்லை. சிவன் நிஷ்டையில் இருந்தார்.

இந்த இடத்தில் கூட்டத்துக்குப் புத்தி வந்துவிட்டது, எல்லோரும் கொதித்து எழுந்தார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். முருகலட்சுமி மார்பில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! சாமிக்கே தோஷம்!"

"நம்ம பாவத்தையெல்லாம் வாங்கி வாங்கித்தான் இப்படி ஆயிட்டாரு!"

"நிக்காதீகய்யா! சாமிக்குப் பரிகாரம் பண்ணுங்க!"

பண்ணினார்கள். மறுக்கமறுக்கச் சாமியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் விபூதியை அவர் நெஞ்சிலேயே பூசினார்கள். அவர் மயிலிறகால் அவர் முதுகிலேயே தட்டினார்கள். ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுக் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டார். அவருடைய தட்டில் அவருக்காகவே காணிக்கையும் விழுந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வைத்தியத்தைத் தானே முழுசாக அனுபவித்த சித்தர் இவராகத்தான் இருப்பார். நாலு மூலைச் சாம்பிராணியையும் கொண்டுவந்து அவர் மூக்குக்குக் கீழே வைத்தார்கள்.

"போதும், போதும்" என்று சாமி எழுந்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. "தோஷம் போயிருச்சு. இப்ப நான் அருள இழுக்குறேன், பாருங்க."

"இழுக்க வேணாம் சாமி" என்றாள் யுவராணி. ஒரு கை நெஞ்சில், ஒரு கை கூண்டில். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "பரிகாரத்துக்கு முன்னாடி ஊதுனீக. பின்னாடியும் ஊதுங்க. தோஷம் போயிருந்தா, ஊதுனாலே ஏறணுமில்ல?"

கூட்டம் இதை யோசித்தது. யோசிப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அது நாயந்தானே" என்றார் ஒருவர்.

சாமி ஊதினார். ஏறவில்லை. "திருப்பி ஊதுங்க சாமி!" என்றார்கள். ஊதினார். ஏறவில்லை. "தம் கட்டி ஊதுங்க சாமி!" கண் பிதுங்க ஊதினார்.

அதற்குள் யுவராணி சங்கை வாங்கிக்கொண்டாள். விபூதி இல்லை. மயிலிறகு இல்லை. காணிக்கை இல்லை. தோஷத்தோடு, விசிலடிக்கிற நெஞ்சோடு, இருந்த கொஞ்ச மூச்சை வைத்து இழுத்தாள். வெள்ளைப் பந்து நடுங்கிக்கொண்டே மேலே போய் நின்றது.

"அய்யா, வாங்க, நீங்க ஊதுங்க."

மாமா ஊதினார். பந்து இறங்கியே கிடந்தது.

"இப்ப இழுங்க."

இழுத்தார். வெள்ளையும் நீலமும் ஏறின. மாமா சங்கையும் பந்தையும் மாறிமாறிப் பார்த்தார். மறுபடி ஊதினார், மறுபடி இழுத்தார். பச்சை விறகைப் பற்றவைத்த அந்த நெஞ்சில் இப்போதுதான் தீப்பிடித்தது.

"ஏலே! இது இழுத்தா மட்டும் ஏறுற மிஷினுலே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்க்க முண்டினார்கள். மேசை சாய்ந்தது. பித்தளைக் கூண்டு தனியே கழன்று உருண்டது. உள்ளேயிருந்து விழுந்தது ஒரு பிளாஸ்டிக் சாமான். முருகலட்சுமி அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுப் பரண்ல கெடக்கே! கொரோனாவுல எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில மூச்சுப் பயிற்சிக்குக் குடுத்தாகல்ல? நர்சம்மாகூட இழுங்க, இழுங்கன்னுதான் சொல்லுச்சு! நான் இதுக்கா ரெண்டு தடவ காணிக்க போட்டேன்?"

"இங்க வந்தப்ப தெரியலயாக்கா?" என்றேன்.

"அது பிளாஸ்டிக்குல்ல. இது பித்தளையில்ல இருந்துச்சு."

இந்தச் சமயத்தில்தான் வித்தியாசமான ஒரு சத்தம் கேட்டது. யுவராணியின் நெஞ்சிலிருந்து வருகிற அதே விசில். ஆனால் அவளிடமிருந்து வரவில்லை. சாமி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள் இரண்டும் ஏறி இறங்கின. ஊதிய ஊதுக்கும், மூக்குக்குக் கீழே வைத்த சாம்பிராணிக்கும் பிரபஞ்ச மூச்சு இளைத்துவிட்டது.

வேல்ராஜ் மைக்கைக் கீழே வைக்க மறந்து கத்தினான். கொட்டகைக்கு வெளியே உப்பளம்வரை அது கேட்டது.

"ராம்குமார் அண்ணே! சாவி! சாவி ஒங்க இடுப்புல இருக்குண்ணே!"

ஸ்ரீலஸ்ரீ ராம்குமார் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார். தள்ளாடிப் போய் உண்டியலைத் திறந்தார். பச்சையைத் தள்ளினார், ஆரஞ்சைத் தள்ளினார். இளைப்பை உடனே அடக்குகிற நீல நிறத்தில் ஒன்றைச் சரியாகப் பொறுக்கி, தட்டிக் குலுக்கி, வாயில் வைத்து அழுத்தினார். பழகிய கை.

யுவராணி உண்டியலுக்குள் கைவிட்டுத் தன் பம்பை எடுத்தாள். மூடியில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. அழுத்தினாள். பிடித்தாள். விட்டாள். இன்னொரு முறை. பிறகு பக்கத்தில் இளைத்துக்கொண்டிருந்த சாமியைப் பார்த்து, "அடிச்சதும் விட்றாதீக. பத்து எண்ணுற வரைக்கும் புடிச்சு வையுங்க. அப்பத்தான் மருந்து எறங்கும்" என்றாள்.

சாமி தலையாட்டிவிட்டுப் பத்து எண்ணினார். அந்தக் கொட்டகையில் நடந்த ஒரே வைத்தியம் அதுதான்.

மாமா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். விசில் அடங்கியது. அவர் பிடுங்கிப் போட்டது என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த சாம்பிராணித் தூபத்தை அமுக்கி அணைத்தார். சாமி எப்போது பின்பக்கமாகப் போனார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் உண்டியலில் தங்கள் பம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து இராமநாதபுரத்தில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் இருவரையும் கூட்டிப்போனேன். அங்கே மூச்சை அளக்கிற அறையில் வேலை பார்ப்பவள் கீர்த்தனி. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். யுவராணியின் தோழி. ஒரு குழாய், ஒரு கணினி, மூக்கை மூட ஒரு கிளிப். பித்தளை இல்லை. சங்கு இல்லை.

"வாயை இறுக்கிப் பிடி. நல்லா இழு... இப்ப ஊது! ஊது, ஊது, ஊது! விடாத, இன்னும், இன்னும், இன்னும்!"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே பிரசவம் நடக்கிறது என்று நினைத்தார்கள். யுவராணி ஊதி முடித்தாள். திரையில் கோடு ஏறி விழுந்தது. அளவு குறைவு. பிறகு கீர்த்தனி அவளுக்குப் பம்பு மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னாள்.

மாமா முகம் மாறியது. என் காதில், "மாப்ள, முன்னாடி ஒரு ஊது, நடுவுல ஒரு மருந்து, பின்னாடி இழுக்கச் சொல்லுவாகளோ? இதும் அதே கததானா?" என்றார்.

கீர்த்தனி காதில் அது விழுந்துவிட்டது.

"இல்லை ஐயா. பிறகும் ஊதத்தான் வேணும். அதே குழாய், அதே மாதிரி ஊதுறது. நடுவில மாறினது மருந்து ஒண்டுதான். கோடு உயர்ந்தால் மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம். உயரேல்லையெண்டால் அதையும் சொல்லிப்போடுவம்."

கால் மணி நேரம் கழித்து யுவராணி மறுபடியும் ஊதினாள். கோடு முதல் கோட்டைத் தாண்டிப் போனது. மாமா திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தானே நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் வையி தாயி" என்றார்.

மாமாவின் கோடு மருந்துக்கு முன்னும் பெரிதாக ஏறவில்லை, பின்னும் பெரிதாக ஏறவில்லை. முனி இல்லை. இருபது வருடப் புகை. டாக்டர் மருந்து எழுதினார். மூட்டத்தில் காற்று புகையைத் தள்ளுகிற பக்கம் நிற்காதே, புகைக்குள் போகாதே என்றார். போன நுரையீரல் முழுதாகத் திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். எந்தச் சாமியும் காணிக்கை வாங்கிக்கொண்டு இவ்வளவு மோசமான செய்தியைச் சொல்லமாட்டார். மாமா டாக்டரை அதனால்தான் நம்பியிருக்க வேண்டும்.

போன வாரம் மூவரும் பேருந்தில் உப்பளத்து வளைவைத் தாண்டினோம். கொட்டகை அப்படியே நிற்கிறது. உள்ளே சாமி இல்லை. அவர் விட்டுப்போன பிளாஸ்டிக் சாமானுக்கு யாரோ மஞ்சள்துணி கட்டி, விளக்கேற்றி, பூப் போட்டிருக்கிறார்கள். வாசலில் பத்துப் பதினைந்து பேர்.

"சாமிதான்யா டூப்பு. மிஷினு சக்தியுள்ளது" என்றார் முன்சீட்டுக்காரர். "என் மச்சினன் நேத்து இழுத்தான். மூணும் ஏறிருச்சு."

மாமா அவர் தோளைத் தட்டினார். "முன்னாடி என்ன செஞ்சாரு, பின்னாடி என்ன செஞ்சாரு?"

"என்னய்யா கேள்வி இது? நீ நாத்திகனா?"

"இல்லய்யா. கரிமூட்டம் போடுறவன்" என்று சொல்லிவிட்டு மாமா இருமினார்.

முன்சீட்டுக்காரர் உப்பளத்து வளைவில் இறங்கிப் போனார். நுரையீரலுக்குச் சோதனை வந்துவிட்டது. கழுத்துக்கு மேலே இருப்பதற்கு இன்னும் கருவி வரவில்லை. அதுவரை அவரவர் சொந்தமாகத்தான் சோதித்துக்கொள்ள வேண்டும். ஊத வேண்டாம், இழுக்க வேண்டாம், காணிக்கையும் வேண்டாம். எவனாவது எதையாவது நீட்டினால் 'ஏன்?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டால் பந்து ஏறிவிட்டது, உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.